பதினொரு பேர்

மாரத்தஹள்ளி, ஐந்தாவது மாடி.
மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான் வருகிறது.
நாங்கள் தண்ணீர் லாரிகளுக்கு
மென்பொருள் செய்கிறவர்கள்.

டேபிளுக்குப் பெயர் வைப்பதில் இது மூன்றாம் நாள்.
முதல் இரண்டும்
ஒட்டகத்துக்கும் பாம்புக்கும் போயின:
சொல்லுக்குச் சொல் திமில் வைத்து எழுதுவதா,
அடிக்கோட்டில் ஊர்ந்து போவதா.
பாம்பு ஜெயித்தது.

இன்று ஒருமையா பன்மையா.
உள்ளே இருப்பது நானூறு லாரி,
பெயர் மட்டும் ஏன் ஒன்று என்றான் ஷோபித்.
வரிக்கு ஒரு லாரிதானே என்றாள் நஸ்ரீன்.
நான் சும்மா இருந்தேன்.
பத்து லாரி வந்தது,
நாலு போர் வற்றிப்போச்சு.
எங்கள் வீட்டில் இதற்கெல்லாம்
யாரும் வாக்கெடுத்ததில்லை.
ஒருமைக்குக் கை தூக்கினேன். இரண்டுக்கு ஒன்று.

லாரி, போர்வெல், அபார்ட்மென்ட், பில்
என்று அடித்துக்கொண்டே வந்தேன்.
அடுத்தது டிரைவர்.
விரல் நின்றது.
பத்து டிரைவர் வந்தது என்று
எந்த வாய் சொல்லும்?
கை தூக்கியது நானேதான்.
பில்லுக்குக் கீழே டிரைவர் என்று அடித்தேன்.

அந்த டேபிளில்தான் இருந்தது
எம்_2 என்று ஒரு நெடுவரிசை.
சிலருக்கு 1, மற்றவர்களுக்கு 0.
எங்கள் ஏழாம் விதி:
பெயரைப் படித்தால் பொருள் தெரியவேண்டும்.
யாருக்கும் தெரியவில்லை.

மரியதாஸைத் தேடிப் பிடித்தேன்.
எட்டு வருஷம் முன்பு இதை எழுதியவர்,
இப்போது கோலார் தங்கவயலில் செல்போன் கடை.
"எம்மா, அது இன்னும் இருக்குதா?
முன்னேகொளாலால தகரக் கொட்டாய் போட்டுருப்பாங்கல்ல,
கட்டட வேலைக்கு வந்தவங்க.
போற வழியில நம்ம பசங்க சிலபேரு
ரெண்டு டிரம் ஊத்திட்டுப் போவானுங்க.
அந்தக் குறைச்சலை
சம்பளத்துல பிடிக்காதேன்னு போட்டது.
முதலாளிக்குத் தெரியாது."
கொஞ்சம் நிறுத்தி,
"தெரியவும் வேணாம்" என்றார்.

விதிப்படி ஒரு பெயர் தோன்றாமல் இல்லை.
தோன்றிய எதுவும்
படித்த மாத்திரத்தில் புரிந்தது.
அதுதான் கஷ்டம்.

எம்_2 என்றே விட்டேன்.
விளக்கக் கட்டத்தில் எழுதினேன்:
பொருள் தெரியவில்லை. நீக்கினால் பில் ஓடாது.

நஸ்ரீன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.
காலையில் நான் போனில் தமிழ் பேசியபோது
பக்கத்து நாற்காலியில் இருந்தவள்.
அவள் அம்மாவுக்கு ஊர் ஆம்பூர்.
எத்தனை வரியில் 1 இருக்கிறது என்று
ஆங்கிலத்தில் கேட்டாள்.
பதினொரு பேர் என்றேன்,
தமிழில்.

சரி என்று கையெழுத்திட்டாள்.
கீழே லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்.
ஷோபித் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.