கொடிவேரியில் உப்பு

கடலுக்குக் கூட்டிப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.
சொன்னது தை மாதம். இப்போது சித்திரை முடியப் போகிறது.
திருச்செங்கோட்டிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும்
கரடு, அதற்குப் பின்னால் இன்னொரு கரடு.
ராமேஸ்வரத்துக்கு ஆறு பேர் போய்வர என்ன ஆகும் என்று
காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
போட்டு, கிழித்தேன்.

அவர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில்.
யாருடைய காட்டிலோ எழுநூறு அடி இறக்கிவிட்டு
ராத்திரி போன் செய்தார்:
"புகைதான் வருது புள்ளே, தண்ணியக் காணோம்."
நான் நாளைக்குப் பிள்ளைகளைத் தண்ணிக்குக் கூட்டிப் போறேன் என்றேன்.
"தனியாவா? கொழுந்தன் பிள்ளைகளையும் சேத்தியா?"
சிக்னல் போய்விட்டது. நல்லதாய்ப் போயிற்று.

ஈரோட்டில் ஒரு பஸ், கோபியில் ஒரு பஸ்,
பிரிவிலிருந்து ஷேர் ஆட்டோ.
பூவரசு இரண்டு முறை வாந்தி.
தனுசியாவின் ஒரு செருப்பு கவுந்தப்பாடியில் இறங்கிக்கொண்டது.
புளிச்சோற்றுத் தூக்கு, ஐந்து துண்டு,
மாங்காய்க்கு உப்பும் மிளகாய்ப்பொடியும் தனித்தனிப் பொட்டலம்,
இடுப்பில் கடைக்குட்டி சித்தேசு.

அணையின் மேல் பவானி வெள்ளையாய் மடிந்து விழுகிறது.
பார்த்ததும் ஐந்தும் ஐந்து திசைக்கு ஓடின.

தறிப் பட்டறையில் ஆயிரக்கணக்கான இழைகளில்
ஒன்று அறுந்தால் என் கண் அங்கே போய் நிற்கும்.
அந்தக் கண்ணைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.
மீன் வறுவல் வாசத்துக்குத் திரும்பவில்லை.
ஒண்ணு, ரெண்டு.
பரிசல்காரர் "வாங்க அம்மிணி, ஒரு ரவுண்டு" என்றதற்கும்.
மூணு, நாலு. ஒன்று முங்குகிறது. எழுந்துவிட்டது. அஞ்சு.

சித்தேசு குனிந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தான்.
"அம்மா, கடல்ல உப்பே இல்ல."
கவினி அவனைவிட இரண்டு வயது மூத்தவள், எல்லாம் தெரிந்தவள்:
"இன்னிக்குப் போட மறந்துட்டாங்கடா."
நான் சிரித்து முடிப்பதற்குள்
பையைத் துழாவி, பொட்டலத்தைப் பிரித்து,
இருந்த உப்பு மொத்தத்தையும் ஆற்றில் கொட்டிவிட்டான்.
கையைத் துடைத்துக்கொண்டான்,
ஒரு பெரிய வேலையை முடித்த ஆள் மாதிரி.

அப்புறம் எண்ணினேன். ஆறு.
மறுபடி எண்ணினேன். ஆறு.
குறைந்தால் என்ன செய்வதென்று
பஸ்ஸிலேயே பத்து விதமாய் யோசித்து வைத்திருந்தேன்.
கூடினால் என்ன செய்வதென்று யோசித்திருக்கவில்லை.
மஞ்சள் ஜட்டி போட்ட ஒரு பொடியன்
என் முந்தானையின் ஈர நுனியைப் பிடித்து நிற்கிறான்,
பிறந்ததிலிருந்து அதையே பிடித்திருப்பவன் போல.

கம்பி வேலி ஓரமாய் ஒருத்தி ஓடி வந்தாள்,
உதடு அசைய, விரல் மடக்கி எண்ணிக்கொண்டே.
கேட்கவே வேண்டியதில்லை.
"உங்களுதுங்களா?"
"எங்களுதுதாங்க்கா. நாலு பேரக் கூட்டியாந்தேன். தனியாத்தான்."
அந்தியூர்க்காரி. பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.
இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி நின்றோம்,
பேச்சு முழுக்க எண்களுக்கு நடுவில்.

"நீங்க ஒருக்கா நனைஞ்சுட்டு வாங்க" என்றாள்.
"ஒம்பதையும் நான் எண்ணிக்கிறன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
விழும் தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்தேன்.
இடி மாதிரி சத்தம். வேறொன்றும் கேட்கவில்லை.
ஒண்ணு என்று தொடங்கிய வாய்க்குள் தண்ணீர் புகுந்தது.
ரெண்டு வரவில்லை.
எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.
அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு அவள் முறை. ஒன்பதும் இருந்தன.

மாங்காயை உப்பில்லாமல் தின்றோம்,
மிளகாய்ப்பொடி மட்டும் தொட்டு.
கோபி பஸ்ஸில் என் மேல் தூங்கிச் சரிந்த சித்தேசுவின்
தோளில் வாய் வைத்துப் பார்த்தேன்.
வேர்வைதான்.
ஆனாலும் கரித்தது.