பால் தொட்டி

சித்தோட்டுப் பழைய இரும்புக் கடையில்
எடை போட்டு வாங்கினோம்,
பால் சொசைட்டி கழித்துப் போட்ட குளிரூட்டும் தொட்டி.
எவர்சில்வர். ஒரு பக்கம் மட்டும் நசுங்கல்.
"ஏனுங், காலேஜ்ல மாடு வெச்சிருக்கீங்ளா?"
"இல்லீங், சாட்டிலைட்டுங்" என்றான் பூவரசன்.
கடைக்காரர் ரூபாயை இன்னொரு முறை எண்ணினார்.

பெருந்துறைப் பட்டறையில்
அர்த்தநாரி அதற்குக் கழுத்தும் கதவும் பற்றவைத்தார்.
உள்காற்றை எடுத்துவிட்டால்
வெளிக்காற்று மூன்று டன் கனத்தில் கதவைச் சாத்தும் என்றோம்.
சிரித்தார்.
பம்ப் ஓடிக் கொஞ்ச நேரத்தில்
போல்ட்டையெல்லாம் கழற்றிவிட்டு
கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்.
"அட, ஆமாங்" என்று இறங்கினார்.

ஆயிரத்து இருநூறு அடிக்குக் குழாய் இறக்கி
ஈரமாவது வருமா என்று பார்க்கிற ஊர்.
இங்கே ஒன்றுமே வராத வரை
இழுக்க வேண்டியிருந்தது.

மூன்று இரவு முள் அதே கோட்டில்.
ரப்பர் வளையத்தை மாற்றினோம்.
மண்டபத்துப் பலூன்காரரிடம் ஹீலியம் கடன் வாங்கி
வெல்டிங் தையல் நெடுக ஊதினோம்.
ஓட்டை எங்குமில்லை.
சுவரைச் சூடேற்றிய இரவு
ரிஸ்வானாதான் முதலில் மூக்கைச் சுளித்தாள்:
பம்பின் புகைவாயில்
பால் பொங்கி அடிப்பிடித்த வாசம்.
பத்து வருஷத்து ஆடை
எஃகின் இடுக்கில் ஒளிந்திருந்து
மூச்சு மூச்சாக வந்துகொண்டிருந்தது.
இரண்டு நாள் காய்ச்சினோம்.
முள் விழுந்தது.

குளிருக்கு, ஊத்துக்குளி கால்நடை ஆஸ்பத்திரி.
சினை ஊசிக்கு வைத்திருந்த திரவ நைட்ரஜனில்
ஒரு குடுவை ஊற்றித் தந்த டாக்டர்
"காளைகளுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றார்.

டிபன் பாக்ஸ் அளவு எங்கள் சாட்டிலைட்.
கண்ணாடித் துளைக்குள் ஒற்றைப் பச்சை விளக்கு.
வெயில் எழுபது டிகிரி, நிழல் மைனஸ் முப்பது,
மறுபடி வெயில்.
வெளியே பங்குனி. ஷட்டர் பாதி இறக்கியிருந்தது.

நான்காம் நிழலில்
நிமிடத்துக்கு ஒருமுறை வந்த பீப் வரவில்லை.
பூவரசன் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்தான்,
மூன்றடி தூரத்துக்கு.
சூடேறியதும்
எதுவுமே நடக்காதது போல ஒரு பீப்.

காலையில் வால்வைத் திறந்தேன்.
தீவன மில் வாசத்தோடு பெருந்துறைக் காற்று
சீறிக்கொண்டு உள்ளே போனது.
போர்டில், லென்சுக்கு அடியில், மயிரிழை விரிசல்.
குளிரில் விலகும், சூட்டில் சேரும்.

அந்தச் சாலிடர் யார் வைத்தது என்று
ரிஸ்வானா கேட்கவில்லை.
நோட்டில் நேரத்தை மட்டும் எழுதினாள்.
நான் சாலிடரிங் அயர்னை
பிளக்கில் செருகினேன்.