நீர்மட்டக் கொப்பி

காலை ஆறு மணி.
முத்தையன்கட்டு: பத்தொன்பது அடி, நாலு அங்குலம்.
அதற்குக் கீழே பென்சிலால்,
யோகமலர்: தொண்ணூற்றெட்டு தசம் இரண்டு.

திணைக்களத்துக் கொப்பியில்
பெண்சாதியின் காய்ச்சலை எழுதக்கூடாது.
எஞ்சினியர் கண்டால் கேட்பார்.
கேட்கட்டும்.

மூன்றாம் ஊசி ஏற்றி இன்றைக்கு எட்டாம் நாள்.
"ஏழிலயிருந்து பதினாலு மட்டும் கவனம்,
வெள்ளணு அடியில கிடக்கும்" என்றா தெல்லிப்பளையில் மிஸ்ஸி.
அடியில் கிடப்பது எனக்கு விளங்கும்,
ஆவணியில் என் குளமும் அப்படித்தான்.
மற்றது விளங்கத்தான் நாளெடுத்தது:
கிருமி வெளியில் இருந்து வரத் தேவையில்லையாம்.
பிறந்த நாள் தொட்டுக் குடலில் குடியிருக்கிறதுகள்,
தின்ற சோறு செரிக்க உதவினதுகள்,
மருந்து உட்தோலை உரித்துவிட்டால்
மெலிந்த இடத்தால் இரத்தத்துக்கு இறங்கிவிடுமாம்.

இடம்பெயர்ந்த காலம் கழித்து
இருபத்தாறு வருசம் கட்டில் நடந்திருக்கிறேன்.
அணையைத் தின்பது
நாங்களே தேக்கி வைத்த தண்ணிதான்.
ஒரு எலிவளை காணும் அதுக்கு.

கிணற்றுத் தண்ணி கொதித்த பிறகும்
அடுப்படியில் நின்று எண்ணுகிறேன்.
பச்சைச் சம்பல் இல்லை. வல்லாரை இல்லை.
நேற்றைய கறி நாய்க்கு,
நாய் வாசலுக்கு வெளியே.
வாழைப்பழம் சரி, கொய்யாப்பழம் சரியில்லை.
துருசுக் கிறீஸ் நகக்கண்ணில் கறுத்துக் கிடந்தது;
நகத்தை ஒட்ட வெட்டி
சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவித்தான்
கோப்பையைத் தொடுகிறேன்.

அவ சிரிக்கிறா.
"வலைஞர்மடத்தில மணலைத் தோண்டிக் குடிச்சனாங்களப்பா.
அப்ப வராத வயித்தோட்டமோ?"
வந்தது. எங்களுக்கு வரவில்லை.
பக்கத்துத் தறப்பாளுக்குள் வந்தது.
சொல்லி முடிந்ததும் அவவும்
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா.

பத்தாம் நாள் இராசநாயகியக்கா
எருமைத் தயிர்ச் சட்டியோடு வந்தா.
வாசலில் வைத்தே மறித்தேன்.
"ஏன், என்ர கை ஊத்தையோ?"
கை இல்லை அக்கா,
தயிருக்குள் உயிரோடு இருக்கிறதுகள் என்று
எப்படிச் சொல்ல?
வாங்கினேன். துருசடியில் குந்தி இருந்து
சீனி போட்டு, முழுச் சட்டியும், நானே.
நல்லாய்த்தான் இருந்தது.
வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தும்
"தயிர் மணக்குது" என்றா, கண் திறக்காமல்.

பதினோராம் நாள் இரவு மழை.
குளம் மணிக்கு ஒரு அங்குலம் ஏறியது.
அவ: தொண்ணூற்றொன்பது தசம் ஆறு.
பனடோல் கேட்டா. குடுக்கவில்லை.
காய்ச்சலை மறைக்கும்,
நீர்மட்டப் பலகையில் சேறு பூசின மாதிரி.
ஒரு மணிக்கு, நூறு.
இரண்டு மணிக்கு, நூறு தசம் ஆறு.
எல்லாம் காய்ச்சினேன், எல்லாம் கழுவினேன்,
என்றாலும் நூறு தசம் ஆறு.

கஜீபன் திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துத்தான் படுத்திருந்தான்.
ஒட்டுசுட்டான் வீதியில் ஆனை நின்றது.
லைற்றை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்,
பதினொரு நிமிசம்.
மாஞ்சோலையில் சிட்டையை வாசித்த கையோடு
ஊசி தேடிப் போனா மிஸ்ஸி.
"எங்க பிழைவிட்டனான்?" என்று கேட்டேன்.
"நல்ல கட்டும் கசியும் ஐயா.
நேரத்தோட வந்திட்டியள்."

ஆறாம் நாள் வீடு.
கொப்பியில் யாரோ பதில் ஆளின் கையெழுத்து:
இருபத்திரண்டு அடி, வான் பாயவில்லை.
நடுவில் ஐந்து நாளுக்குப் பென்சில் வரி இல்லை.
நிரப்பவில்லை. விட்டுவிட்டேன்.

தயிர்ச் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கிறது.
வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது.
என்ன போட்டனுப்பலாம் என்று
படுத்தபடி யோசிக்கிறா யோகமலர்,
வாயில் தேமாமீற்றரோடு,
பேச முடியாமல்,
விரலால் காற்றில் எதையோ வட்டமாய்க் கீறிக்கொண்டு.