தோன்றல், திரிதல், கெடுதல்

மோன்தெவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்.
ஆற்றைக் கடலென்று அழைத்துப் பழகிய ஊர்;
காற்றும் அதை ஒப்புக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
டாக்டர் அம்பாரோ இத்துரால்தே
நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் தூக்குகிறாள்.
வெண்புகை முழங்காலில் வழிகிறது.
குப்பி எண் 1441.
பென்சில் எழுத்து, அவளுடையதுதான்,
இன்றிருப்பதைவிட உருண்டையாக.

வில்மார். ஆறு வயது.
பஸ் டிக்கெட்டில் மாலைமாற்றாய் எண் வந்தால்
அன்று முழுவதும் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே இருப்பான்.
(1441. இத்தனை நாள் அவள் கவனிக்கவில்லை.)
இடுப்பெலும்பில் ஊசி இறங்குமுன் கேட்டாள்:
கொஞ்சம் நான் வைத்துக்கொள்ளட்டுமா, படிக்க?
"பரீட்சையா?"
ஆமாம்.
அந்தப் பரீட்சையில்
முப்பத்துநான்கு வருடம் ஃபெயில்.

காலையில் வார்டு, மாலையில் நுண்ணோக்கி,
இரண்டுக்கும் ஒரே கோட்டு.
பிழைத்தவர்கள் கல்யாணப் பத்திரிகை அனுப்பினார்கள்.
மற்றவர்கள் இந்தத் தொட்டிக்குள்.
நைட்ரஜன் லாரி வராத ஒரு வேலைநிறுத்த வாரத்தில்
உதவியாளர் நிபியா
காளைவிந்து உறையவைக்கும் பண்ணையில் கடன் வாங்கி
மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்,
இருநூறு கிலோமீட்டர், ஜன்னலைத் திறந்துவைத்து.
இதெல்லாம் எந்த ஆய்வுக்கட்டுரையிலும் இல்லை.

இன்று கணினித் திரையில் விடை.
இரண்டு குரோமோசோம் ஒடிந்து
ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில்.
சேரக்கூடாத இடத்தில் சேர்ந்த இரண்டு சொற்கள்.
ஏழாம் வகுப்பில் நாம் ஒப்பித்தோமே,
தோன்றல், திரிதல், கெடுதல்,
அதே விகாரம்;
நடந்தது ஒரு பிள்ளையின் மஜ்ஜையில்.

மற்ற மருந்துகளோடு
இதற்கென்றே இப்போது ஒரு மாத்திரை உண்டு.
மாத்திரை என்பது
கண் இமைக்கும் நேரம் என்றும் படித்திருக்கிறோம்.

யாரிடம் சொல்வது?
வில்மாரின் அம்மா இருந்த முகவரியில்
டயர் கடை.
போனை எடுத்த பையனிடம்
தவறான எண் என்று தானே சொல்லிவிட்டு வைத்தாள்.
கோப்பில் விடையை எழுதினாள்.
பென்சிலில்தான்.

நான்காம் மாடியில் மைதே, ஏழு வயது.
அதே ஒடிவு, அதே ஒட்டு.
நேற்றைய மாத்திரை ஜன்னலோரப் பூந்தொட்டியில் கிடைத்ததாம்.
நர்ஸ் புகார் சொல்கிறாள்.
லிஃப்ட் வரவில்லை; படியேறுகிறாள்,
இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்று.

பால்பாகில் குழைத்துக் கொடுத்தாயிற்று.
"விழுங்கிட்டேன்" என்கிறாள் மைதே,
வாயை அகலத் திறந்து காட்டி.

நாக்கைத் தூக்கு.

மஞ்சளாக ஒன்று.