ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

எடைக்குப் போடப் போனவனிடம்
எடைக்கே வாங்கினோம். கிலோ இருபத்தெட்டு.
சக்கரத்தில் அப்பிக் கிடந்த மண்ணையும்
சேர்த்துத்தான் நிறுத்தான்.
பாதிப் பணம் என்னுடையது, பாதி ஜோகியுடையது.
ஓடாவிட்டால் எந்தப் பாதி யாருடையது என்று
அன்றே பேசிக்கொள்ளாதது தவறு.

கேத்தியில், கேரட் பாத்திகளுக்கு மேலே,
தகரக் கொட்டகைக்குள் நின்றது பெர்குசன்.
சாம்பல் நிறம், அதற்குக் கீழே துரு,
அதற்கும் கீழே என்ன என்று பார்க்க
ஸ்பேனர் வேண்டியிருந்தது.

ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு:
பிஸ்கட் காகிதம், சாக்கு நார்,
விதைப் பொட்டலத்தின் ஒரு மூலை,
காய்ந்து கறுத்த புழுக்கை ஒரு பிடி.
எள்ளு எண்ணெய்க்குக் காய்ந்தது,
நீ எதற்குக் காய்ந்தாய் என்று
கேட்டுக்கொண்டே தட்டினேன்.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது.
பிளக் துளை நான்கிலும்
டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி
மூடிவிட்டுக் காத்திருந்தோம்.
மூன்றாம் நாள் டாப் கியரில் போட்டு
ஜோகி முன்னும் பின்னும் உலுக்கினான்.
கொட்டகை அசைந்தது.
ஒன்பதாம் நாள் உறைபனி,
பாத்தியெல்லாம் கல்லுப்பு.
பதினோராம் நாள்
டக் என்று ஒரு சத்தம்.
தன் முதுகெலும்பு என்று நினைத்துவிட்டான்.

பிறகெல்லாம் சில்லறை வேலை.
தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால்
பாயிண்டைத் தேய்த்தேன்.
கார்புரேட்டரின் கண்ணைத்
துடைப்பப் புல்லால் குத்தித் திறந்தேன்.
உரக்கடைக் காலண்டர் அட்டையில் கேஸ்கெட்;
அட்டையில் முருகன் இருந்தார்,
முகத்தை விட்டுவிட்டு
மயிலிலிருந்து வெட்டினேன்.

ஹேண்டில் எகிறினால் மணிக்கட்டு போய்விடும்,
கட்டைவிரலைத் தனியே நீட்டாதீர்கள் என்று
லேத்துக்கார நசீர் போனில் இருமுறை சொன்னார்.
நீட்டாமல் சுற்றினோம்.
தும்மியது.
இன்னும் சுற்றினோம்.
கார்புரேட்டர் வழியே ஒரு முழம் நெருப்பு துப்பி
ஜோகியின் ஒரு புருவத்தை எடுத்துக்கொண்டது.
அவன் தன் பாதியை விற்கப் போவதாகச் சொன்னான்.
எந்தப் பாதி என்று கேட்டேன்.
இரண்டு நாள் பேச்சு இல்லை.

மூன்றாம் இரவு, கம்பளிக்குள்
கால் சூடேறாமல் புரண்டபோது உறைத்தது:
ஒயர்களை வரிசையாக மாட்டியிருக்கிறேன்,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
ஒண்ணாம் வகுப்பில் ஒப்பித்ததுபோல்.
இரும்புக்கு எண்சுவடி வேறு.
ஒன்று, மூன்று,
நான்கு, இரண்டு.

விடிந்ததும் மூன்று ஒயரை இடம் மாற்றினேன்.
மூன்றாம் சுற்றில்
கொட்டகைத் தகரம் முழுவதும் அதிர
நீலப் புகை, பிறகு வெள்ளை, பிறகு புகையே இல்லை,
ஒன்றுமூன்றுநான்கிரண்டு ஒன்றுமூன்றுநான்கிரண்டு.
கீழ்ப் பாத்தியில் மேய்ந்த காட்டெருமை
வாயில் கேரட் தழை தொங்கத்
தலை தூக்கிப் பார்த்தது.
மென்று முடித்தது.
அடுத்ததைப் பிடுங்கியது.

நிறுத்தத்தான் இருவருக்கும் துணிவில்லை.
நீ அணை என்றேன், நீயே அணை என்றான்.
பெட்ரோலில் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம்.
பக்கத்து ஹட்டியிலிருந்து போன் வந்தது,
சத்தம் கேட்கவில்லை, வைத்துவிட்டேன்.

நிறுத்தாவிட்டால் ஓட்டத்தானே வேண்டும்?
ஒன்றாம் கியர் விழவில்லை. இரண்டும் இல்லை.
ரிவர்சுக்கு மட்டும் ஒத்துக்கொண்டது.
கேரட் கழுவும் இடம்வரை அரை கிலோமீட்டர் ஏற்றம்.
சரி என்று ஏறி உட்கார்ந்தேன்.

கழுத்தைத் திருப்பித் திருப்பி,
முகத்துக்கு நேரே பள்ளத்தாக்கு
கீழே கீழே இறங்கிப் போக,
முதுகுப் பக்கமாக மலை ஏறினேன்.
தூரத்தில் ஊட்டி ரயில்,
எஞ்சின் கடைசியில்,
அதுவும் பின்னாலிருந்துதான் தள்ளிக்கொண்டு போனது.
ஜோகி எனக்குப் பின்னால், அதாவது முன்னால்,
கையை வீசி வழி சொன்னான்:

லெஃப்ட்டு, ரெஜினாக்கா, லெஃப்ட்டு!

யாரோட லெஃப்ட்டுடா?