பதினாறாம் எண்

லிஸ்பனில் எங்கள் கூட்டமைப்பின் மாடியறையில் ஒருவர்
பிரெஞ்சு இரண்டாம் பிரிவு அணிகளின் பெயர்ப்பட்டியலில்
அரிசியில் கல் பொறுக்குவது போலப்
பெயர் பொறுக்குகிறார்.
மூக்கால் முடியும் பெயர்,
'ஷ்' என்று முடியவேண்டியதை
பிரெஞ்சுக்காரர்கள் விழுங்கிவிட்ட பெயர்.
அகப்பட்டதும் தொலைபேசி:
“தம்பி, அப்பாவுக்கு எந்த ஊர்?”

அப்படித்தான் கிடைத்தான் யானிக்.
அவன் ஃபோந்தெனா என்கிறான்,
நாங்கள் ஃபோந்தாயின்யஷ் என்கிறோம்,
இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறான்.
அப்பா, லிமோஜில் பாதித் தெருக்களுக்குச் சுவர் பூசியவர்.
அம்மா ஆறுமாடிக் கட்டடத்தின் வாசலில்
அடுத்தவர் கடிதங்களைப் பிரித்தடுக்குபவர்.
விமியோசோ பதிவகத்தில்
எலி கொறித்த பக்கத்தின் மிச்சத்தில்
அப்பாவின் பிறப்பு இருந்தது.
ஒரு முத்திரை, ஒரு கடவுச்சீட்டு.
நூற்றுப் பதினோரு கிலோ
விமானத்தில் வந்து இறங்கியது.

நான் செதூபலில் பிறந்து
செதூபலிலேயே இருப்பவன்.
தேய்ந்த டயர்களுக்குப் புதுத்தோல் ஒட்டுவது தொழில்.
ஒன்பது வருடம் என் முதுகில் இரண்டாம் எண்.
பயிற்சியாளர் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய்
மழையைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினார்.
அப்போதே தெரிந்துவிட்டது.
“அபீலியு, உலகக் கோப்பைக்குப் போகவேண்டுமா, வேண்டாமா?”
வேண்டும் என்றேன்.
யார் போகவேண்டும் என்று
அவர் கேட்கவில்லை.

உடைமாற்றும் அறையில் பிராஸ்
காலுறையைப் பிழிந்தபடி முணுமுணுத்தான்:
யார் உப்பைத் தின்று வளர்ந்தவன்
யாருக்காக வந்து முட்டுகிறான்?
நான் சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்,
அவன் என்னைவிட நல்ல ஆட்டக்காரன்.
அவன் எறியும் பந்து நூல் பிடித்தாற்போல் போகும்.
என்னுடையது
காற்றிடம் அனுமதி கேட்டுத்தான் போகும்.
பயிற்சி ஸ்க்ரமில் எதிரெதிரே தலை கோர்ப்போம்,
காதோடு காது தேயும்.
வலித்தால் அவன் பிரெஞ்சில் வைவான்,
நான் என் பாஷையில்.
நடுவில் புல்லுக்கு இரண்டும் புரியும்.

புக்கரெஸ்டில் ஆட்டத்துக்கு முந்தைய நாள்
பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
கையில் நாலாக மடித்த தாள்,
எங்கள் தேசிய கீதம், பிரெஞ்சு உச்சரிப்பில்.
மடிப்பில் ஒரு சொல் வியர்வையில் கரைந்திருந்தது.
“இது என்ன?”
கடல்.
உப்பு, என்றேன் நான்.
ஏன் சொன்னேன் என்று கேட்டால்
தெரியாது என்று சொல்லலாம்.
தெரியும்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது.
“இது எனக்குத் தெரியும்!
அம்மா அடுப்படியிலிருந்து கத்துகிற சொல்.”
பேனா வாங்கி
தாளில் அழுத்தி எழுதிக்கொண்டான்.
பேனாவும் என்னுடையதுதான்.

மறுநாள் தூறல்.
தோளோடு தோள் கோர்த்து நின்றோம்.
வரிசையில் நகர்ந்த கேமரா
கண்மூடிப் பாடும் அவன் முன்னால் நின்றுவிட்டது.
அம்மா லிமோஜில் பார்த்துக்கொண்டிருப்பார்.
அந்தச் சொல் வருவதற்கு ஒரு மூச்சு முன்னால்
ஓடிப்போய் வாயைப் பொத்தத் தோன்றியது.
முழுத் தொண்டையில் பாடினான்.
பிராஸின் தலை சட்டென்று திரும்பியது,
அவனைப் பார்த்தது, பிறகு என்னை.
ஏனென்றால் வரிசைக் கடைசியில்
பதினாறாம் எண்ணில் நின்றிருந்த நானும்
உப்பு என்றே பாடியிருந்தேன்.

அறுபத்திரண்டாம் நிமிடம் அவன் வெளியே, நான் உள்ளே.
எல்லைக்கோட்டில் வாய்க்காப்பை உருவிவிட்டு
மூச்சு வாங்க ஏதோ சொன்னான்,
ஆண்பால் பெண்பால் எல்லாம் தப்பு.
அவர்கள் மூன்றாம் நம்பர் இடதுபக்கம் சாய்கிறான்,
உள்ளே தள்ளு என்று புரிந்தது.
தள்ளினேன். சாய்ந்தான்.

இன்னும் அவனிடம் சொல்லவில்லை.
அடுத்த ஆட்டம் பதினொன்றாம் தேதி.