பதினைந்து பாகம்

மின்துறைப் புகார் மையத்தில் எனக்கு வேலை.
நாளொன்றுக்கு நூற்றிருபது அழைப்பு.
"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்கிற வாயை
ஞாயிறு காலை ஒரு ரப்பர் துண்டு வந்து மூடுகிறது.
அதற்காகத்தான் காசு கட்டி முங்குகிறேன் என்று
பெர்னதெத் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.
பொய்யில்லை.

தேங்காய்த்திட்டு முகத்துவாரம் தாண்டி
ஒரு மணி நேர ஓட்டம்.
இருசப்பன் எஞ்சினை அணைத்தான்.
கால்வாசி தண்ணீரோடு ஒரு காலி பாட்டிலை வீசினான்.
அது எங்களை விட்டு வடக்கே நடந்தது.
"தெண்டி. நல்லாவே இழுக்குது."
"கரண்ட்டுன்னு சொல்லேண்டா," என்றாள் பெர்னதெத்.
"கரண்ட்டு வூட்ல இருக்கறது. இது தெண்டி."
"எவ்வளவு ஆழம்?"
"பதினஞ்சு பாகம்."
என் கைக்கடிகாரத்துக்கு மீட்டர் மட்டும்தான் தெரியும்.
கணக்குப் போட்டு முடிப்பதற்குள்
அவள் முதுகுப்புறமாகக் கவிழ்ந்திருந்தாள்.

மூக்கைப் பிடித்து ஊதினால்
காதுக்குள் சின்னக் கதவொன்று திறக்கும்.
பச்சை. அப்புறம் பச்சைக்கு அடியில் ஒரு சாம்பல்.
அதற்கும் கீழே
பெயர் வைக்க நேரமில்லாத நீலம்.
சிவப்புதான் முதலில் போகிறது.
பெர்னதெத்தின் நகப்பூச்சு
நாலாம் பாகத்தில் பழுப்பு,
பத்தில் கறுப்பு.

பிறகு பார்.
நான் நீந்தவில்லை. கை கட்டி மிதக்கிறேன்.
பார்தான் என்னைக் கடந்து போகிறது,
சன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு
ஊர்கள் போவதுபோல.
கடல்விசிறிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க
செப்பிலிக் கூட்டம் மட்டும்
தெற்கே முகம் வைத்து
வாலைச் சற்றே அசைத்து
நின்ற இடத்தில் நிற்கிறது.

ஓர் இடுக்கில் களவா.
என் இடுப்பளவு இருக்கும்.
உதட்டோரம் துருப்பிடித்த தூண்டில் முள்.
அதிலிருந்து ஒரு சாண் நரம்பு
ஆடிக்கொண்டிருந்தது.
அது என்னைப் பார்த்தது.
நான் பார்த்து முடிக்கவில்லை.

திரும்பினேன். உதைத்தேன்.
இருபது உதை, முப்பது.
ஒரு முழம்கூட நகரவில்லை.
வெறுங்கையால் பாறையைப் பிடித்ததில்
சிப்பி கிழித்துப் புகைபோல வந்தது
என் ரத்தம்,
பச்சையாக.
கை விட்டது.
இடுக்கு, களவா, நரம்பு எல்லாம்
எங்கேயோ தெற்கில்.

பெர்னதெத் என் அளவுமானியை இழுத்துப் பார்த்தாள்.
அறுபது.
கண்ணாடிக்குள் அவள் புருவம் திட்டியது.
கட்டைவிரலை உயர்த்தினாள்.
புகார் தீர்ந்தவர்கள் செல்பேசியில்
எனக்கு அனுப்பும் அதே விரல்.
கரையில் அது நன்றி.
இங்கே, ஏறு.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.
நின்றோம்.
தலைக்கு மேல் ஆரஞ்சு மிதவை நின்றது,
முகத்துக்கு நேரே ஒரு சொறிமீன் நின்றது,
நிற்பவை எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு
கடல் சோலை நகர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
விரலைப் பார்த்தேன்.
ரத்தம் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.
சிவந்த பிறகுதான் வலித்தது.

தலை நீட்டித் தெற்கே தேடினேன்.
படகு இல்லை.
வயிற்றுக்குள் ஒரு கல்.
"இந்தாண்ட!"
வடக்கே, எங்களுக்கு முன்பாகவே வந்து,
வேர்க்கடலைத் தோலைக் கடலில் ஊதியபடி இருசப்பன்.
"வுட்ட எடத்துலயே நிப்பேன்னு நெனச்சியாக்கா?"

ராத்திரி கட்டில் வடக்கே போனது.
சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
இருட்டில் களவா ஒருமுறை வந்தது,
முள் இல்லாமல்.
அது வேறு களவா.

திங்கட்கிழமை, முதல் அழைப்பு.
லாஸ்பேட்டை. ஆண் குரல். அவசரம்.
"மேடம், எங்க தெருவுல கரண்ட்டு போயிடுச்சு."

விரலில் கட்டு. எதிரே திரை.
"எந்தப் பக்கமா?" என்று
கேட்டுவிட்டேன்.